மாம்பலம் ஸ்டேஷன்ல பாத்த யாராவது இன்னும் மனச விட்டுப் போகாம இருக்காங்களா? சொல்லுங்க

வடபழனி வாசி:
நானே ஆரம்பிக்கறேன். ஏழெட்டு வருஷம் இருக்கும். ஏ.டி.வி.எம். மெஷின் தெரியும்ல, ஸ்மார்ட் கார்ட வச்சுட்டு ஊர் பேர தொட்டா டிக்கெட் வரும், அதான். கவுண்டர்ல எக்கச்சக்க க்யூ, நான் மெஷின்ல நிக்கறேன், ஒரு பாட்டிம்மா வந்து "கண்ணு, சிங்கப்பெருமாள்கோயிலுக்கு ஒண்ணு எடுத்துக் குடுப்பா"ன்னு முந்தானைய அவுத்து சில்லறைய எண்ணிக் குடுத்தாங்க. எடுத்துக் குடுத்தேன். "நல்லா இருப்பா"ன்னுட்டு படியேறிப் போயிட்டாங்க. அடுத்து எனக்கு எடுக்கும்போது பேலன்ஸ பாக்கறேன், அவங்களுக்கு அஞ்சு ரூபாதான் கழிஞ்சிருக்கு. தினமும் கிண்டி கிண்டின்னு அழுத்தற கை, பாட்டிக்கும் கிண்டியையே அழுத்தித் தொலச்சிருக்கு.

ஓடினேன். படியில எறங்கும்போதே செங்கல்பட்டு வண்டி நகர ஆரம்பிச்சிடுச்சு. லேடீஸ் பெட்டி என்னத் தாண்டுது, ஜன்னலோரம் பாட்டி. நான் கைய ஆட்டி ஆட்டி கத்தறேன், அவங்க நான் வழியனுப்பத்தான் வந்திருக்கேன்னு நெனச்சு சிரிச்சுக்கிட்டே திருப்பி டாட்டா காட்டினாங்க.

வழியில டி.டி.ஆர். ஏறியிருந்தா என்ன ஆயிருக்கும்னு இன்னிக்கும் யோசிப்பேன்.

பழைய சீசன்:
வடபழனி, ஸ்டேஷன் மாஸ்டர் ரூம் அதே ஸ்டேஷன்லதான இருக்கு? போய் சொல்லியிருந்தா அடுத்த ஸ்டேஷனுக்கு ஒரு போன் போட்டிருப்பாங்க. இல்ல அடுத்த வண்டிய புடிச்சுப் பின்னாலயே போயிருக்கலாம். சரி விடுங்க.

என்னோடது 2004 ஜூலை 1. தேதிய சொன்னா தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், பீச் தாம்பரம் மீட்டர் கேஜ் வண்டி, அதான் அந்தக் குறுகலான தண்டவாளத்து வண்டி, கடைசியா ஓடின நாள். 1931ல கரண்ட்ல ஓட ஆரம்பிச்சது அந்த லைன். அதுக்குக் கொஞ்சம் முன்னாடி வரைக்கும் இந்தப் பக்கமெல்லாம் பெரிய ஏரி, அத தூர்த்துத்தான் வீடு கட்டினாங்க, இன்னிக்கு லேக் வியூ ரோடுன்னு பேரு மட்டும் மிச்சம், லேக்கும் இல்ல வியூவும் இல்ல. ஏரி போயி தி.நகர் வந்ததும் இந்த ரயில் வந்ததும் கிட்டத்தட்ட ஒரே சமயம், அதனாலதான் எங்க அப்பா தலைமுறைக்கு வீடுன்னா ஸ்டேஷன்ல இருந்து எத்தன நிமிஷ நடைங்கறதுதான் கணக்கு.

அன்னிக்கு சாயங்காலம் சும்மா ஏறி எறங்கணும்னே ஒரு டிக்கெட் எடுத்தேன். பிளாட்பாரத்துல பக்கத்துல ஒரு பெரியவர், கையில மஞ்சப்பை, என் டிக்கெட்டயே பாத்துட்டு இருந்தாரு. அப்புறம் மெதுவா, "தம்பி, முப்பது வருஷமா சீசன்லயே போயிட்டேன், இன்னிக்குத் தேதி போட்ட டிக்கெட் எங்கிட்ட இல்ல, பத்து ரூபா தரேன், குடுத்துடறியா"ன்னாரு. கவுண்டருக்குப் போயிட்டு வர நேரமில்ல, வண்டி உள்ள வந்துட்டு இருக்கு. நான் மாட்டேன்னுட்டேன். "பரவால்ல, ஒருவாட்டி பாத்துட்டுக் குடுக்கறேன்"னு வாங்கி, கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு, தேதிய படிச்சுட்டு திருப்பிக் குடுத்தாரு.

அந்த டிக்கெட் வீடு மாத்தறப்ப தொலஞ்சு போச்சு.

குரோம்பேட்டைக்காரி:
பழைய சீசன் சார், அடுத்த வண்டிய புடிச்சு எப்படி சார் முன்னாடி போற வண்டிய புடிக்கறது?

நான் சொல்றது 2025 ஏப்ரல்ல ஏசி லோக்கல் ரயில் விட்டாங்கல்ல, அந்தப் புதுசு. ஒரு பூக்கார அக்கா கூடையோட சாதா வண்டின்னு நெனச்சு மாம்பலத்துல ஏறிட்டாங்க. கதவு தானா மூடிக்கிச்சு. சைதாப்பேட்டைக்கு அஞ்சு ரூபா டிக்கெட் வச்சிருக்காங்க, ஏசில குறைஞ்சதே முப்பத்தஞ்சு. "என்னம்மா இது, இம்மாங்குளிரா இருக்குது"ன்னு சிரிச்சாங்க பாருங்க, அது வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. எதிர் சீட்ல ஒருத்தன் விளையாட்டுக்கு "ஃபைன் போட்டு உள்ள வச்சிருவாங்க"ன்னான். அந்த அக்கா மொகம் அப்படியே செத்துப் போச்சு. கூடைய கால் நடுவுல இடுக்கிட்டு, டிக்கெட்ட உள்ளங்கையில மடிச்சு மடிச்சு வச்சுக்கிட்டு நின்னாங்க. பெட்டி பூரா மல்லிப்பூ வாசம். சைதாப்பேட்டையில நிக்கல, கிண்டிலதான் கதவு தொறந்துச்சு. நான் காதுல ஹெட்செட்ட மாட்டிட்டு, பாட்டு ஓடாமலே கேக்கற மாதிரி ஒக்காந்திருந்தேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம், ஒண்ணும் ஆவாதுக்கா, கிண்டில எறங்கி எதிர்ப்பக்கம் ஏறிக்கோங்கன்னு.

மேற்கு வாசல்:
எல்லாரும் ஃபீல் பண்றீங்க, ஆனா இதுல பாதி பிரச்சனை தவிர்க்கக் கூடியது. மொபைல்ல டிக்கெட் எடுக்கறவங்க வீட்ல கெளம்பும்போதே எடுத்துருங்க, பிளாட்பாரத்துல நின்னுட்டு எடுத்தா ஜி.பி.எஸ். விடாது, ஸ்டேஷன்ல ஒட்டியிருக்கற க்யூ.ஆர். கோட ஸ்கேன் பண்ணாத்தான் உண்டு. தீபாவளி சமயத்துல ரங்கநாதன் தெரு வழியா ஸ்டேஷனுக்குள்ள வரணும்னு நெனக்கவே நெனக்காதீங்க, நூறு அடிக்கு அரை மணி நேரம் ஆகும், 2023ல தொறந்த ஸ்கைவாக்க புடிங்க, 570 மீட்டர், தி.நகர் பஸ் ஸ்டாண்டுல ஏறினா கூட்டத்துக்கு மேலயே நடந்து வந்துடலாம். மேற்கு மாம்பலம் ஆளுங்களுக்கு நம்ம பக்கத்து வாசலே போதும். மழை நாள்ல துரைசாமி சப்வேய நம்பாதீங்க. ஃபாஸ்ட் வண்டியா ஸ்லோவா, ஏசியா சாதாவான்னு போர்ட பாத்துட்டு ஏறுங்க, அனௌன்ஸ்மென்ட்டும் மூணு பாஷையில சொல்றாங்க. படிக்கட்டுல தொங்கற பசங்களுக்கு நான் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு, பையையாவது முதுகுல மாட்டாம முன்னாடி மாட்டுங்கடா. லைன கிராஸ் பண்றவங்களுக்கு சொல்ல ஒண்ணுமில்ல.

என் அனுபவம்னா, ஸ்கைவாக்ல ஒருத்தர் ரயிலுக்கு எப்படிப் போறதுன்னு கேட்டாரு, நேராப் போங்கன்னேன். அது பஸ் ஸ்டாண்டு பக்கம். அவ்ளோதான்.

வடபழனி வாசி:
பழைய சீசன் சார், ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட போகலாம்னு அன்னிக்குத் தோணவே இல்ல. கைதான் கொஞ்ச நேரம் ஆடிக்கிட்டே இருந்துச்சு. மேற்கு வாசல், அந்த ஆளு பஸ்ல ஏறிப் போயிருப்பாரு, கவலப்படாதீங்க.

குரோம்பேட்டைக்காரி:
பழைய சீசன் சார், தப்பா நெனக்காதீங்க. அந்த டிக்கெட்ட குடுத்திருக்கலாம்.

பழைய சீசன்:
ம்.