புதுப்பிப்பு: செயற்கைப் பனிச்சறுக்குச் சரிவில் ஸ்லாலம் கம்பம் நிற்கவில்லை – தீர்ந்தது

போன மாதம் கேட்டிருந்தேன்: இங்கிலாந்தில் எங்கள் கிளப் பிள்ளைகளுக்கு டென்டிக்ஸ் (பிரஷ் போல நார்கள் நிமிர்ந்து நிற்கும் பிளாஸ்டிக் விரிப்பு) விரிப்புச் சரிவில் ஸ்லாலம் பயிற்சி, அதாவது நட்ட கம்பங்களைச் சுற்றி வளைந்து வளைந்து சறுக்குவது. பனியில் போலத் துளையிட்டு நட முடியாது. மணல் மூட்டை கட்டிய கம்பம் ஒவ்வொரு இடிக்கும் சாய்கிறது, என்ன செய்யலாம் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது தூரிகைத் தட்டு யோசனைதான். தட்டின் அடியில் உள்ள நார்கள் விரிப்பின் நார்களோடு கோத்துக்கொள்கின்றன. இரண்டு தலைவாரும் பிரஷ்ஷை முகத்துக்கு முகம் அழுத்திப் பாருங்கள், புரியும். காலால் ஓங்கி மிதித்தால் போதும். அதில் அடியில் கீல் வைத்த கம்பத்தைத் திருகினோம். பிள்ளைகள் தட்டினால் படுத்து எழுகிறது. மணல் மூட்டைக்கு விடை கொடுத்தாயிற்று.

எதிர்பாராதது தண்ணீர். நனையாமல் வேலை செய்யலாமே என்று முதல் நாள், விரிப்பு வழுக்குவதற்காக அதை நனைக்கும் தெளிப்பானை நிறுத்திவிட்டேன். என் தப்புதான். அரை மணியில் ஸ்கீயின் அடிப்பரப்பு சூடேறி, அதில் தடவிய மெழுகு காணாமல் போனது. திரும்பத் திறந்ததும் வேகம் கூடிவிட்டது. அதனால் கம்ப இடைவெளியை 8 மீட்டரிலிருந்து 10 ஆக்கினோம். சர்வதேச விதி 6 முதல் 13 மீட்டர் வரை விடுகிறது, ஆகவே சரி.

அப்புறம், கையுறை இல்லாமல் யாரையும் விடாதீர்கள். விழுந்தால் விரிப்பின் கண்ணியில் முதலில் மாட்டுவது கட்டைவிரல். எங்களில் ஒருவனுக்குச் சுளுக்கோடு போயிற்று.