இரணைமடு ஆவணப்படத்துக்குப் பழைய படங்கள் வேணும்

வணக்கம் உறவுகளே. நானும் இரண்டு நண்பர்களும் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தைப் பற்றி அரை மணித்தியால ஆவணப்படம் ஒன்று எடுக்கிறம். கனகராயன் ஆற்றை மறிச்சு 1902இல் கட்டத் தொடங்கின குளம். ஆனா அணைக்கட்டின்ர உயரமும் கொள்ளளவும் சொல்லுற படமா இது வரக்கூடாது. தண்ணி பங்கிட்ட மனிசரின்ர கதைதான் எங்களுக்கு வேணும்.

போன கிழமை உருத்திரபுரத்தில ஒரு ஐயாவோட கதைச்சம். எண்பது வயது தாண்டினவர். முற்றத்து மணலில ஈர்க்கால கீறித்தான் பழைய வாய்க்கால் போன வழியைக் காட்டினார். எந்த மடையில ஆருக்கு எப்ப முறை என்று இப்பவும் பிசகாமல் சொல்லுறார். பதிவில பாதி காத்துச் சத்தம், திரும்பப் போகவேணும். ஆராவது நல்ல கொலர் மைக் இரவல் தந்தால் பெரிய உதவி.

முக்கியமாக் கேக்கிறது பழைய படங்கள். சிறுபோக வெட்டு, சூடு மிதிப்பு, குளம் நிரம்பி வான் பாயேக்க குடும்பமா நிண்டு எடுத்தது, எதெண்டாலும். 2009 இடப்பெயர்வோட இஞ்ச கனபேரின்ர அல்பங்கள் போட்டுது. முந்தி வெளிநாட்டுக்கு அனுப்பின பிரதிகள் உங்கட அலுமாரியில இருக்கலாம். அண்ணாமார், அக்காமார், ஒருக்காப் பாருங்கோ. கைபேசியில படம் பிடிச்சு அனுப்பினால் போதும், மூலப்படம் உங்களிட்டையே இருக்கட்டும்.

காலபோக வெட்டு முடிஞ்சு பங்குனியில வாய்க்கால் கரை ஊர்களில திரை கட்டிப் போட நினைக்கிறம். புரொஜெக்டர், ஜெனரேற்றர் வச்சிருக்கிற ஆக்கள் எழுதுங்கோ. முகநூலில முன்னோட்டத்தை அதுக்கு முதலே போடுறதோ, பிறகோ? ஊர்ச்சனம்தான் முதலில பாக்கவேணும் என்பது என்ர எண்ணம். நீங்கள் என்ன சொல்லுறியள்?