விண்ட்சர் முடிச்சு ஒரு பக்கம் வீங்குகிறது, டையும் குட்டையாகிறது: உதவி தேவை

கேள்வி:
டை கட்டும் எளிய முடிச்சான ஃபோர்-இன்-ஹேண்ட் கைக்கு வந்துவிட்டது. அடுத்து அதைவிடப் பெரிய முடிச்சான ஃபுல் விண்ட்சர் பழகுகிறேன். முடிச்சு ஒரு பக்கம் வீங்கியே நிற்கிறது. அகல முனை தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட, ஒல்லி முனை அதைத் தாண்டித் தொங்குகிறது. என்னிடம் இருப்பது கொஞ்சம் தடித்த டை. சீக்கிரமே ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போக வேண்டும்.

பதில் 1:
கழுத்து வளையத்தின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சுற்று விழுந்திருக்கிறதா? ஒரு பக்கம் விட்டுப்போனால் அது ஹாஃப் விண்ட்சர். வீக்கம் அதனால்தான் வரும். முன்பக்கம் குறுக்கே கொண்டுபோகும் முன் நிறுத்திக் கண்ணாடியில் பாருங்கள். ஒவ்வொரு சுற்றையும் அப்போதே இறுக்குங்கள், கடைசியில் மொத்தமாக இழுத்தால் சரிவராது.

நீளத்துக்கு வருவோம். ஃபோர்-இன்-ஹேண்டுக்கு 4 அசைவு, விண்ட்சருக்கு 8. அவ்வளவு துணியை அது தின்றுவிடும். தொடங்கும்போதே அகல முனையை நாலைந்து விரற்கடை கூடுதலாகக் கீழே இறக்குங்கள். முடிவில் நுனி பெல்ட் பக்கிளைத் தொட்டால் போதும்.

கேட்டவர்:
நீங்கள் சொன்னது சரி, ஒரு பக்கச் சுற்று விட்டுப்போயிருந்தது. நீளமும் சரியாகிவிட்டது. ஆனால் முடிச்சு இப்போது அவ்வளவு பெரிது, காலர் நுனிகளையே தூக்குகிறது.

பதில் 2:
தடித்த டைக்கு ஃபுல் விண்ட்சர் வேண்டவே வேண்டாம் நண்பரே. யார் பெயரில் இந்த முடிச்சு இருக்கிறதோ, அந்த விண்ட்சர் கோமகன்கூட (பிரிட்டனின் முன்னாள் மன்னர்) இதைப் போட்டதில்லை. தடித்த உள்துணி வைத்துத் தைத்த டையில் ஃபோர்-இன்-ஹேண்ட் போட்டுத்தான் அந்தப் பருத்த தோற்றத்தைக் கொண்டுவந்தார். 1999-இல் ஃபிங்க், மாவ் என்ற கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர்கள் 85 முடிச்சுகள் சாத்தியம் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். அதில் உங்களுக்கு ஏற்றது பிராட் என்ற முடிச்சு. 5 அசைவுதான், இரண்டு பக்கமும் சமமாக அமையும்.

தையல் வெளியே தெரியும்படி டையைத் திருப்பிக் கழுத்தில் போடுங்கள். அகல முனை ஒல்லி முனைக்கு அடியில் போகட்டும். அதை மேலே தூக்கி, முன்பக்கமிருந்து கழுத்து வளையத்துக்குள் விட்டுக் கீழே இழுத்து இறுக்குங்கள். பிறகு முன்னால் குறுக்கே கொண்டுபோய், பின்னாலிருந்து வளையத்தின் வழியே மேலே எடுத்து, முன்பக்கப் பட்டைக்குள் செருகுங்கள்.

கேட்டவர்:
அருமை! காலர் படிந்து உட்கார்ந்துவிட்டது. முடிச்சுக்குக் கீழே சிலருக்கு ஒரு குழி விழுமே, அது எப்படி?

பதில் 1:
இறுக்கும் முன் முடிச்சுக்குச் சற்றுக் கீழே ஆள்காட்டி விரலை நடுவில் வைத்து அழுத்தி, இரு ஓரத்தையும் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் கிள்ளிப் பிடியுங்கள். பிடியை விடாமல் முடிச்சை மேலே ஏற்றுங்கள்.