துப்பு கொடுத்தால் தம்பியின் வழக்கு குறையுமா?

தம்பியின் பையில் போதை மாத்திரைகள் சிக்கின. இப்போது ஜாமீனில் இருக்கிறான். “விற்றவனிடம் மறுபடி வாங்கிக் காட்டு, வழக்கை லேசாக்குகிறோம்” என்கிறார் விசாரணை அதிகாரி. சட்டைக்குள் ஒலிப்பதிவுக் கருவி வைப்பார்களாம். தம்பியின் பெயர் வெளியே வராதாம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். ஒத்துக்கொள்ளலாமா?

பதில் 1:
வக்கீல் இல்லாமல் வாயே திறக்க வேண்டாம். குற்றச்சாட்டைக் குறைப்பது பெரும்பாலும் அரசு வழக்கறிஞர் கையில், தண்டனை நீதிபதி கையில். அதிகாரியின் வாய்வார்த்தையை நம்பி இறங்காதீர்கள். எத்தனை பேரைக் காட்ட வேண்டும், சாட்சிக்கூண்டில் ஏற வேண்டுமா, எல்லாம் எழுத்தில் வரட்டும். இல்லையென்றால் இன்னும் ஒருத்தன், இன்னும் ஒருத்தன் என்று இழுத்துக்கொண்டே போவார்கள்.

பதில் 2:
பெயர் ரகசியமாம்! வாங்கும்போது இருந்ததே இரண்டு பேர் என்றால், போட்டுக்கொடுத்தது யாரென்று விற்றவனுக்குத் தெரியாதா?

கேட்டவர்:
சரி, வக்கீலைப் பார்த்தோம். பையைச் சோதித்ததே முறைப்படி நடந்ததா என்று முதலில் பார்க்கிறேன் என்றார். தம்பி இன்னும் அந்தக் கூட்டத்தோடுதான் சுற்றுகிறான், அதுதான் வயிற்றைக் கலக்குகிறது.