முதலில் யாரிடம் சொன்னீர்கள்?

வைகைக்கரை:
சிறுவயதில் நடந்த பாலியல் கொடுமையை முதலில் யாரிடம் சொன்னீர்கள், கேட்டவர் என்ன செய்தார்? அதை மட்டும் எழுதுங்கள். நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. விவரித்து விவரித்தே நம்மில் பலர் களைத்துப் போயிருக்கிறோம்.

நான் அம்மாவிடம் சொன்னேன். செய்தவர் அவருடைய கூடப்பிறந்த தம்பி. "வெளியே சொல்லாதே, உனக்குப் பின்னால் ஒரு தங்கை இருக்கிறாள்" என்றார் அம்மா. தங்கை இருக்கிறாள் என்பதால்தானே சொன்னேன்! அதன் பிறகு மாமா வந்தாலே தங்கையை இழுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவேன். எனக்குத் திமிர் என்று பெயர் வந்தது.

நிச்சயமான பிறகு மாப்பிள்ளையிடம் சொன்னேன். சொல்லவே கூடாது என்று தோழிகள் தடுத்தார்கள். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. கொஞ்சநேரம் கழித்து, "அப்படியென்றால் கல்யாணத்தில் தாய்மாமன் முறை யார் செய்வது?" என்று கேட்டார். என்னை உறங்கவிடாமல் செய்துகொண்டிருந்ததும் அதுதான்: அந்தக் கையால் மாலை வாங்க வேண்டுமே என்ற அருவருப்பு. "மாமன் மாலை எடுத்துத் தராவிட்டால் தாலி ஏறாதா என்ன?" என்று அவரே முடித்துவிட்டார். அவர் மேல் எனக்குப் பிரியம் வந்தது அந்த இடத்தில்தான். மாமாவுக்குப் பத்திரிகை வைக்கவில்லை. அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் மண்டபத்தில் இருந்தார், இருக்கட்டும்.

பெயர் வேண்டாம்:
நான் ஒரு தாய். மகள் தன் வகுப்பாசிரியையிடம் சொன்னாள். நிர்வாகத்தில் ஒருவர், "பள்ளியின் பெயர் கெடும், பெற்றோரை அழைத்துப் பேசி முடித்துவிடலாம்" என்றாராம். ஆசிரியை காத்திருக்கவில்லை, குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைத்துவிட்டார். தெரிந்தும் புகார் தராமல் இருந்தால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி அதுவே குற்றம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பெண் காவல் அதிகாரி சீருடை இல்லாமல் வீட்டுக்கே வந்து வாக்குமூலம் வாங்கினார். நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவன் முகம் மகளுக்குத் தெரியாதபடி திரை போட்டிருந்தார்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நேரடியாகக் கேட்காமல் நீதிபதி வழியாகவே கேள்விகளைக் கேட்டார். இவை எல்லாம் சட்டத்தில் எழுதியிருக்கிறபடியே நடந்தன. கூடியவரை ஓராண்டுக்குள் விசாரணை முடிய வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. எங்களுக்கு மூன்றாம் ஆண்டு ஓடுகிறது. பரீட்சை அட்டவணை வந்ததும் அடுத்த வாய்தா அதில் விழுகிறதா என்றுதான் மகள் முதலில் பார்க்கிறாள்.

செங்காட்டான்:
ஆண்களும் எழுதலாம் என்று எடுத்துக்கொள்கிறேன். பள்ளி விடுதி, 2004. நண்பனிடம் சொன்னேன், சிரித்தான். ஆண்பிள்ளைக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்றான்.

பல ஆண்டு கழித்து ஒரு வழக்கறிஞரிடம் போனேன். போக்சோ 2012 நவம்பர் 14-இல்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முந்தைய குற்றத்துக்குப் பொருந்தாது என்றார். அன்றைய தண்டனைச் சட்டத்தில் பாலியல் வல்லுறவுப் பிரிவு பெண்களுக்கானது. என்னைப் போன்ற சிறுவனுக்கு 'இயற்கைக்கு மாறான' உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவுதான் இருந்தது. காலக்கெடு தாண்டவில்லை, வழக்குப் போடலாம் என்றும் சொன்னார். போடவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். மனநல உதவி எண் 14416-க்கு அழைத்தேன், தமிழிலேயே பேசினார்கள். இப்போது அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கிறேன். தூக்கம் வருகிறது. கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும் இன்னும் எழுந்து போய்விடுகிறேன்.

அரூர்க்காரி:
எங்கள் பக்கத்து வாச்சாத்தி கிராமத்தை நினைத்துக்கொண்டேன். 1992 ஜூன் 20-இல் சந்தனக்கட்டை தேடி வந்த அரசு ஊழியர்களால் 18 பெண்கள் பாலியல் வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டார்கள். 2011-இல் தருமபுரி நீதிமன்றம் தண்டித்தது. 2023 செப்டம்பர் 29-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, ஆளுக்கு 10 லட்சம் இழப்பீடு தரச் சொன்னது. தாமதமான நீதி நீதியே அல்ல என்று மேடையில் முழங்குகிறவர்கள், முப்பது ஆண்டு விடாமல் நின்ற அந்தப் பெண்களிடம் கேட்டுவிட்டு முழங்கட்டும்.

வைகைக்கரை:
பெயர் வேண்டாம் அக்கா, தீர்ப்பு வரும்வரை காத்திருக்காமல் இடைக்கால இழப்பீடு தர போக்சோ நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. மனு போட்டீர்களா? வழக்கறிஞர் செலவுக்குக் கவலை வேண்டாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாகவே உதவுவார்கள்.

பெயர் வேண்டாம்:
இதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை, தங்கச்சி. திங்கட்கிழமை போய்க் கேட்கிறேன்.