குன்னூரில் அப்பா கட்டிய வீடு: குடும்பத்துக்கு வாடகையா, காட்டேஜ்காரருக்கா?

சிங்காநல்லூர் மகன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஓய்வுக்கு முன்பே குன்னூர் வண்டிச்சோலை பக்கம் ஒரு வீடு கட்டினார். இரண்டு படுக்கையறை, ஓட்டுக் கூரை, ரோட்டிலிருந்து நாற்பது படி கீழே இறங்க வேண்டும். அம்மாவுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் இருவரும் தை மாதம் எங்களோடு கோவைக்கு வந்துவிட்டார்கள். வீடு பூட்டிக் கிடக்கிறது.

புரோக்கர் இரண்டு பேரைச் சொல்கிறார். ஒன்று, பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிற கணவன் மனைவி, இரண்டு பிள்ளைகள். மாதம் 11,000 தருவார்கள். இன்னொருவர் சுற்றுலா வருகிறவர்களுக்குக் காட்டேஜ் நடத்துகிறவர். மூன்று வருடத்துக்கு எழுதிக் கொடுத்தால் மாதம் 26,000 தருகிறேன், நீங்கள் எதையும் பார்க்க வேண்டாம் என்கிறார். எனக்கு மில்லில் ஷிப்ட் வேலை, அடிக்கடி மேலே வர முடியாது. அப்பாவின் மருந்துச் செலவுக்கு இந்தப் பணம் தேவை. எதற்குச் சரி சொல்வது?

பர்லியாறு ரோடு:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மாதம் 15,000 வித்தியாசம், வருடத்துக்கு 1,80,000. மூன்று வருடம் எழுதி வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருங்கள். குடும்பம் என்றால் குழாய் ஒழுகுது, பல்பு எரியலை என்று தினம் போன் வரும்.

கேத்தி டீச்சர்:

தம்பி, நான் கேத்தியில் இருக்கிறேன். என் வீட்டோடு சேர்த்து, சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற தம்பி தங்கைகளின் வீடுகளையும் வாடகைக்கு விட்டுப் பார்த்துக்கொள்வது நான்தான். பள்ளிக்கூடக் குடும்பத்துக்கே கொடுங்கள். அந்த 26,000 கைக்கு வருமா என்பதைக் கொஞ்சம் பார்ப்போம்.

உங்கள் வீடு குடியிருப்பு என்று அனுமதி வாங்கிக் கட்டியது. அதில் காட்டேஜ் நடத்த உள்ளாட்சி உரிமம் வேண்டும், மின் இணைப்பை வணிகக் கட்டணத்துக்கு மாற்ற வேண்டும், சொத்து வரியும் கூடும். ஹோம்ஸ்டே என்று சுற்றுலாத் துறையில் பதியலாம் என்பார் காட்டேஜ்காரர். அதற்கு வீட்டுக்காரர் அங்கேயே குடியிருக்க வேண்டும், உங்கள் அப்பா கோவையில் இருக்கிறார். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் உரிமம் இல்லாத காட்டேஜ்களுக்கு சீல் வைத்திருக்கிறார்கள். நோட்டீஸ் வந்தால் அது நடத்துகிறவர் பெயருக்கு வராது, உங்கள் அப்பா பெயருக்குத்தான் வரும். இந்த வயதில் அவரை ஆபீஸ் ஆபீஸாக அலையவிடப் போகிறீர்களா?

அடுத்தது, 26,000 எல்லா மாதமும் வருமா? உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் இங்கே வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று வரம்பே வைத்தார்கள். கூட்டம் குறைந்தால் காட்டேஜ்காரர் முதலில் குறைப்பது வீட்டுக்காரருக்குத் தருகிற பணத்தைத்தான். ஆடி மழையில் வந்து "இந்த மாதம் பாதி வாங்கிக்குங்க" என்று நின்றால், சிங்காநல்லூரில் இருந்துகொண்டு என்ன செய்வீர்கள்?

பணத்தை விடவும் எனக்குப் பெரிதாகப் படுவது வீடு. மலையில் வீட்டைக் காப்பாற்றுவது அதற்குள் தினமும் வாழ்கிற மனிதர்கள்தான். காலையில் அடுப்பு எரிகிறது, மதியம் வெயில் வந்தால் சன்னலைத் திறக்கிறார்கள், ஈரம் வெளியே போகிறது. குரங்கு கூரை ஓடுகளை நகர்த்தினால் அன்றைக்கே தெரியும். இரண்டு நாள் தங்கிப் போகிறவர்களுக்கு அது தெரியாது, தெரிந்தாலும் சொல்ல மாட்டார்கள். ஒரு ஓடு வழியாக ஒரு மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் இறங்கினால் கீழே இருக்கிற மரச்சட்டம் ஊறி உளுத்துவிடும். குழாய் ஒழுகுது என்று போன் வருவதைத் தொல்லை என்கிறார் மேலே எழுதியவர். எனக்கு அந்த போன்தான் வேண்டும். என் தங்கை வீட்டில் குடியிருக்கிற நர்ஸ் அம்மா சுவரில் ஈரம் படர்ந்ததுமே படம் எடுத்து அனுப்பினார். மேல்வீட்டுக் குழாய் உடைந்திருந்தது, அரை நாள் வேலையோடு முடிந்தது.

அவர்கள் குடிவரும் முன் நீங்களே ஒருமுறை வந்து வீட்டைச் சுற்றிப் பாருங்கள். ரோட்டுக்குக் கீழே இருக்கிற வீடு என்பதால் பின்பக்கத் தடுப்புச் சுவர் முக்கியம். அதில் தண்ணீர் வடிய விட்ட துளைகள் மண்ணும் வேரும் அடைத்துக் கிடக்கும், கம்பியால் குத்தித் திறக்கச் சொல்லுங்கள். மண்ணுக்குள் தேங்குகிற தண்ணீர்தான் சுவரைத் தள்ளும். குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளுக்கு ஐப்பசி கார்த்திகை மழைதான் ஆபத்து. 2009 நவம்பரில் இங்கே மண் சரிந்து எத்தனை உயிர் போனது என்று அப்பாவைக் கேளுங்கள், சொல்வார். வைகாசியில் ஒருமுறை, புரட்டாசியில் ஒருமுறை கூரையும் கால்வாயும் சுத்தம் செய்ய ஆள் பேசிவிடுங்கள். பழைய ஓடு ஒரு இருபது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும், அவசரத்தில் பொருந்தாது.

தண்ணீர்: குன்னூரில் நகராட்சித் தண்ணீர் தினமும் வராது, கோடையில் ரேலியா அணை வற்றினால் இன்னும் நாள் தள்ளும். தொட்டி சிறியதாக இருந்தால் பெரியதாக மாற்றுங்கள். தண்ணீர் லாரியின் குழாயும் செப்டிக் டேங்க் லாரியின் குழாயும் நாற்பது படி கீழே எட்டுமா என்றும் முன்பே கேட்டு வையுங்கள்.

வருடத்தில் ஒன்றரை மாத வாடகையைப் பராமரிப்புக்கு என்று தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதியை மட்டும் வருமானமாக எண்ணுங்கள். பக்கத்தில் கூப்பிட்டால் வருகிற ஒரு எலக்ட்ரீஷியன், ஒரு பிளம்பர், ஒரு ஓடு மாற்றுகிறவர் என மூன்று பேர் நம்பரையும் குடித்தனக்காரர்களிடமே கொடுத்துவிடுங்கள். 1,000 ரூபாய்க்குள் ஆகிற வேலையை அவர்களே செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளட்டும்.

வெலிங்டன் வாடகைவாசி:

நான் குடித்தனக்காரன் பக்கமிருந்து சொல்கிறேன். டீச்சர் சொன்ன அந்த 1,000 ரூபாய் ஏற்பாடு எங்கள் வீட்டிலும் இருக்கிறது, அதனாலேயே ஆறு வருடமாக வேறு வீடு பார்க்கவில்லை. இன்னொன்று, மலைப்பக்கச் சுவரை ஒட்டி மர அலமாரி இருந்தால் ஒரு கை அளவு தள்ளி வைத்துக் கொடுங்கள். எங்கள் துணியெல்லாம் பூஞ்சை பிடித்தது அங்கேதான்.

கணக்குப் புத்தகம்:

இதுவரை யாரும் எழுதாத விஷயம். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை அரசின் வாடகை இணையதளத்தில் பதிந்து எண் வாங்க வேண்டும். இதைச் சொல்வது 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பதியாவிட்டால் தகராறு வரும்போது அந்தத் தாளை வைத்து வாதாடுவது சிரமம். அட்வான்ஸ் மூன்று மாத வாடகை வாங்குங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் கழிக்க வேண்டியதைக் கழித்துத் திருப்பித் தர வேண்டும். சுவர், ஒயரிங், குழாய் மாற்றுவது வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், ஸ்விட்ச், உடைந்த கண்ணாடி குடியிருப்பவர் பொறுப்பு என்று சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது.

வீடு அப்பா பெயரில் என்றால் ஒப்பந்தத்தில் கையெழுத்தும் அவருடையது, வருமானமும் அவருடையது. வாடகையில் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதம் கழித்துத்தான் வரிக்குக் கணக்கு. பராமரிப்புச் செலவைத் தனியாகக் கழிக்க முடியாது. மின் இணைப்பில் உங்கள் மொபைல் எண்ணைப் பதிந்துவிடுங்கள், பில் பாக்கி நின்றால் உங்களுக்கே குறுஞ்செய்தி வரும்.

சிங்காநல்லூர் மகன்:

டீச்சரம்மா, எல்லோருக்கும் நன்றி. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். தடுப்புச் சுவர் துளை அடைத்திருப்பது அவருக்கும் ஞாபகம் இருக்கிறது. பள்ளிக் குடும்பத்துக்கே கொடுக்கிறோம். அவர்கள் 10,000-க்குக் குறைக்க முடியுமா என்று கேட்கிறார்கள். குறைக்கலாமா?

கேத்தி டீச்சர்:

குறையுங்கள் தம்பி, ஆனால் ஒப்பந்தத்திலேயே வருடத்துக்கு 5 சதவீதம் ஏறும் என்று எழுதிவிடுங்கள். பதிலுக்கு இரண்டு மழைக்கும் முன்னால் கால்வாய் சுத்தம் செய்யும்போது கூட நின்று பார்த்து, படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி திறக்கும் முன் குடிவர நினைப்பார்கள், அதனால் துளை குத்துகிற வேலையை இந்த மாதமே முடித்துவிடுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் இங்கே எழுதுங்கள், கேத்தியிலிருந்து ஒருவரை அனுப்பி வைக்கிறேன்.