பழைய பிக்அப் வண்டி: வலுக்கூட்டுவதற்கு முன் எதைச் சரிசெய்ய வேண்டும்?

மண்பாதை (கேள்வி):

வணக்கம். என்னிடம் 22 ஆண்டுகள் பழைய டீசல் பிக்அப் ஒன்று இருக்கிறது. ஒற்றைக் கேபின், பின்சக்கர இயக்கம், பின்னால் லீஃப் ஸ்பிரிங் (அடுக்கிய எஃகுப் பட்டைகளால் ஆனது), முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் பிரேக். ஓட்டம் 2,80,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வேறொருவரிடமிருந்து வாங்கினேன். பராமரிப்புக் குறிப்பு எதுவும் அவர் தரவில்லை. எஞ்சின் நன்றாக இழுக்கிறது, புகை இல்லை. இந்த வண்டியை விற்கும் எண்ணம் எனக்கு இல்லை. இன்னும் பத்து ஆண்டுகளாவது என் கையாலேயே பராமரித்து ஓட்ட விரும்புகிறேன்.

மூன்று குறைகள் தெரிகின்றன. சுமை ஏற்றினால் பின்பக்கம் அதிகமாகத் தாழ்ந்துவிடுகிறது. இரவில் முகப்பு விளக்கின் வெளிச்சம் போதவில்லை. பிரேக் அழுத்தும்போது வண்டி சற்று இடப்பக்கம் இழுக்கிறது. வலது பின்சக்கரத்தின் உட்புறத்தில் எண்ணெய்க் கசிவு போன்ற ஈரமும் இருக்கிறது. இவற்றுக்குத் தீர்வாக, ஸ்பிரிங்கில் கூடுதலாக இரண்டு பட்டைகள் சேர்ப்பது, 100/90 வாட் (ஹை/லோ பீம்) பல்புகள் மாட்டுவது, ஒரு அளவு பெரிய டயர்களுக்கு மாறுவது என்று திட்டமிட்டிருக்கிறேன். என்னிடம் ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டுகள், ஸ்பானர் செட், டார்க் ரென்ச் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பானர்), மல்டிமீட்டர் (மின் அளவி) ஆகியவை உள்ளன. இவற்றில் எதை முதலில் செய்வது, எதை வீட்டில் தனியாளாகச் செய்யலாம், எதைப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஆக்சில்காரன்:

வணக்கம். குறைகளில் நீங்கள் கடைசியாகச் சொன்னதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்வேன். வலது பின்சக்கரத்தின் உட்புறத்தில் ஈரம் இருப்பதும் வண்டி இடப்பக்கம் இழுப்பதும் ஒரே காரணத்தால் வருவனவாக இருக்கலாம். டிஃபரன்ஷியலில் (பின்சக்கரங்களுக்கு இடையே உள்ள கியர் பெட்டி) இருக்கும் கியர் ஆயில், ஆக்சிலின் முனையில் கசிவைத் தடுக்கும் வளையமான ஆயில் சீலைக் கடந்து டிரம்முக்குள் இறங்கி, பிரேக் ஷூவின் லைனிங்கை (உராய்ந்து பிடிக்கும் மேற்பரப்பு) நனைத்திருந்தால் அந்தச் சக்கரம் சரியாகப் பிடிக்காது. எண்ணெய் பட்ட லைனிங் சில வேளைகளில் நேர்மாறாகத் திடீரென்று இறுகப் பிடித்துக்கொள்வதும் உண்டு. ஆகவே "பிடிப்பு கொஞ்சம் குறைவு, அவ்வளவுதானே" என்று சமாதானம் செய்துகொள்ளாதீர்கள். அந்த ஈரத்தை விரலால் தொட்டு முகர்ந்து பாருங்கள். கந்தகம் கலந்த கடுமையான நெடி அடித்தால் அது கியர் ஆயில். நெடி குறைவாக, தண்ணீரைப் போல மெல்லியதாக இருந்தால் ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரிலிருந்து கசியும் பிரேக் ஆயில்.

கியர் ஆயில் என்று உறுதியானால், சீலை மாற்றுவதற்கு முன் டிஃபரன்ஷியல் ஹவுசிங்கின் மேல் இருக்கும் பிரீதரைக் கட்டாயம் பாருங்கள். வண்டி ஓடும்போது உள்ளிருக்கும் காற்று சூடாகி விரிகிறது. அது வெளியேறுவதற்காகவே சிறுவிரல் அளவிலான அந்த மூடியை வைத்திருக்கிறார்கள். மண்ணும் கிரீஸும் சேர்ந்து அது அடைபட்டால், காற்று தன் அழுத்தத்தால் எண்ணெயைச் சீலின் விளிம்பு வழியாகத் தள்ளிவிடும். பிரீதரைக் கவனிக்காமல் சீலை மட்டும் மாற்றினால் சில மாதங்களில் புதிய சீலும் கசியத் தொடங்கும். நான் என் வண்டியில் இதே தவறைச் செய்து, இரண்டு முறை சீல் மாற்றிய பிறகுதான் பிரீதரைக் கழற்றிப் பார்த்தேன். அதன் மூடி கல்லைப் போல இறுகிக் கிடந்தது. டீசலில் ஊறவைத்து, மெல்லிய கம்பியால் குத்தியபின் மூடி தானாகத் துள்ளி அசைந்தது. அதன் பிறகு இன்றுவரை அந்தப் பக்கத்தில் ஒரு சொட்டு இல்லை.

டிரம்மைக் கழற்றும்போது இரண்டு எச்சரிக்கைகள். இந்த வயதுடைய வண்டிகளின் பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. உள்ளே இருக்கும் தூசியைக் காற்றுக் குழாயால் ஊதாமல், பிரேக் கிளீனர் அல்லது சோப்புத் தண்ணீர் தெளித்து ஈரமாக்கித் துடைத்தெடுங்கள். எண்ணெயில் ஊறிய ஷூவைக் கழுவிக் காயவைத்து மறுபடி மாட்டுவது பலனளிக்காது. லைனிங்கின் உள்ளே இறங்கிய எண்ணெய் சூடேறும்போது மீண்டும் கசிந்து மேலே வரும். ஷூக்களை இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் இழுப்பு தொடரும்.

சீல் மாற்றுவதை வீட்டில் செய்யலாமா என்றால், அது உங்கள் ஆக்சிலின் அமைப்பைப் பொறுத்தது. ஆக்சில் தண்டின் மேலேயே பேரிங்கை அழுத்தி, இரும்பு வளையம் ஒன்றால் பூட்டியிருந்தால் ஹைட்ராலிக் பிரஸ் தேவைப்படும். தண்டை வீட்டிலேயே உருவி, பட்டறைக்குத் தனியாகக் கொண்டுபோய் அழுத்தி வாங்கிவந்து மாட்டலாம். சுத்தியலால் அடித்து இறக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அடிபட்ட பேரிங் ஓசையிடத் தொடங்க அதிக நாள் ஆகாது.

பிரேக் ஆயில் எப்போது மாற்றப்பட்டது என்று தெரியாததால் முழுவதையும் மாற்றிவிடுங்கள். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் திரவம். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியசில்தான் கொதிக்க வேண்டும் என்பது தர வரையறை; ஈரம் ஏறிய நிலைக்கு அதே வரையறை 155 பாகைதான். சுமையோடு நீண்ட இறக்கத்தில் இறங்கும்போது இந்த வேறுபாடு பெடலில் தெரியும்.

மின்கம்பி:

விளக்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். 100/90 வாட் பல்பை வாங்குவதற்கு முன் மல்டிமீட்டரைக் கையில் எடுங்கள். எஞ்சின் ஓடும்போது, விளக்கும் எரியும்போது, பேட்டரியின் இரு முனைகளில் ஓர் அளவும் பல்பின் சாக்கெட்டில் ஓர் அளவும் எடுத்துப் பாருங்கள். பேட்டரியில் 14 வோல்ட், பல்பில் 11.9 வோல்ட் என்று வந்தால், 15 விழுக்காடு மின்னழுத்தம் வழியிலேயே தொலைகிறது. இழை பல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்தோடு சமவிகிதத்தில் குறைவதில்லை. ஏறக்குறைய அதன் 3.4 அடுக்கின்படி (power) குறைகிறது. அதாவது 15 விழுக்காடு மின்னழுத்தம் போனால் வெளிச்சத்தில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் போய்விடும். உங்கள் பல்பு தன் வேலையைச் செய்யத் தயாராகத்தான் இருக்கிறது; 22 ஆண்டுப் பழைய கம்பியும் தேய்ந்த சுவிட்சும் துருப்பிடித்த எர்த் இணைப்பும் அதற்கு உணவைக் கொண்டுசேர்ப்பதில்லை.

பல பழைய வண்டிகளில் விளக்குக்கான மின்னோட்டம் முழுவதும் ஸ்டியரிங் அருகில் உள்ள சுவிட்ச் வழியாகவே போய்வருகிறது. எச்4 எனும் இரட்டை இழைப் பல்புகள் இரண்டின் 60 வாட் இழைகள் சேர்ந்து 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் மாட்டினால் அது 16 ஆம்பியரைத் தாண்டும். சுவிட்சின் முனை கருகும், சாக்கெட்டின் பிளாஸ்டிக் உருகும். உருகிய சாக்கெட்டுகளை நான் பல வண்டிகளில் கழற்றியிருக்கிறேன்; பழுப்பேறிய கம்பியுறை விரல் பட்டாலே உதிர்ந்துவிடும். அதோடு, அந்த வாட் அளவுக்குப் பல நாடுகளில் சாலை அனுமதியும் இல்லை.

இதற்கு மாற்றாக இரண்டு ரிலேக்களைப் (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்சுகள்) பொருத்துங்கள், ஒன்று லோ பீமுக்கு, ஒன்று ஹை பீமுக்கு. பேட்டரியின் நேர்முனையிலிருந்து தடித்த கம்பி, பேட்டரிக்கு மிக அருகிலேயே ஃப்யூஸ், பிறகு ரிலே, அதன்பின் பல்பு. பழைய சுவிட்ச் இனி ரிலேயை மட்டும் இயக்கும். அதற்கு ஓர் ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்கு போதும். எர்த் கம்பியை மாட்டும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பின் மேல் இறுக்கி, பிறகு கிரீஸ் தடவுங்கள். வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எல்லாம் சேர்த்து ஒரு நாள் வேலை, தனியாளாகவே செய்யலாம். ஹாலஜன் விளக்குக்கூட்டில் எல்இடி பல்பைச் செருகுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒளி தோன்றும் இடம் மாறுவதால் எதிரே வருபவரின் கண் கூசும்; உங்கள் சாலையும் தெளிவாகத் தெரியாது.

மண்பாதை:

இருவருக்கும் மிக்க நன்றி. இந்த வார இறுதியில் வலது பின்சக்கரத்தைக் கழற்றினேன். டிரம்மின் உள்ளே கருப்பு மசகாக இருந்தது, நெடி கியர் ஆயிலினுடையதேதான். பிரீதரைத் தேடக் கால் மணி நேரம் ஆயிற்று. அதன் மேல் படிந்திருந்த மண்ணைச் சுரண்டிய பிறகுதான் அப்படி ஒன்று இருப்பதே தெரிந்தது. மூடி சிறிதும் அசையவில்லை. விளக்கையும் அளந்தேன்: பேட்டரியில் 13.9, இடது பல்பில் 12.1, வலது பல்பில் 11.8. ரிலேக்களுக்கே போகிறேன். ஸ்பிரிங்கைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லையே?

பட்டைக்கட்டு:

நான் சொல்கிறேன், சற்று நீளமாகவே. பட்டை சேர்ப்பதற்கு முன், வண்டி இப்போது எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சமதளத்தில், சுமையின்றி நிறுத்தி, பின்சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரு பக்கமும் அளந்து, உங்கள் மாடலுக்கான பழுதுபார்ப்புக் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். இரு பக்கமும் வேறுபட்டால் ஒரு பட்டை முறிந்திருக்கலாம். முறிவு பெரும்பாலும் பட்டைகளைக் கோக்கும் சென்டர் போல்ட் துளையை ஒட்டி, ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிணைக்கும் யூ போல்ட்டின் அடியில் மறைந்திருக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால்தான் கண்ணில் படும். ஸ்பிரிங் முனையைச் சேசிஸோடு (வண்டியின் அடிச்சட்டகம்) இணைக்கும் ஷாக்கிளில் உள்ள புஷ்களின் ரப்பர் நசுங்கியிருந்தாலும் உயரம் குறையும்.

தளர்ந்த கட்டின் மேல் இரண்டு பட்டைகளைச் சேர்த்தால் உயரம் மீளும் என்பது உண்மை. ஆனால் ஆக்சில், பேரிங், பிரேக், சேசிஸ் இவற்றின் தாங்குதிறன் ஒரு கிலோகூட ஏறுவதில்லை. பின்பக்கம் தாழாததால் அளவுக்கு மேல் ஏற்றியது தெரியாமல் போய், ஸ்பிரிங்கைத் தாங்கும் ஹேங்கர் பிடித்திருக்கும் இடத்தில் சேசிஸ் விரிசல் விடும். இன்னொன்றும் இருக்கிறது. பல பிக்அப்களில் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் இடையே ஒரு கம்பி போய், சுமைக்கேற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்றை இயக்குகிறது. பட்டை சேர்த்து வண்டியை உயர்த்திவிட்டால், முழுச் சுமை இருக்கும்போதும் வண்டி காலியாக இருப்பதாகவே அந்த வால்வு எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், உயரம் மாறும்போது கையேட்டின்படி அதையும் சரிசெய்தாக வேண்டும்.

என் கருத்தில், தொழிற்சாலை அளவிலேயே புதிய ஸ்பிரிங் கட்டு ஒன்றை இரு பக்கமும் மாட்டுவதே நல்லது. பழைய கட்டு புதிதாக இருந்தபோது வண்டி எப்படிச் சுமந்தது என்பதை நீங்கள் பார்த்ததே இல்லை, இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதானே வாங்கினீர்கள். பட்டறைகளில் பழைய பட்டைகளைக் குளிர்நிலையில் அடித்து வளைத்துத் தருவார்கள். என் வண்டியில் அது ஒரு பருவம்கூட நிற்கவில்லை. மாட்டும்போது சேசிஸை ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தி, ஆக்சிலை ஜாக்கியால் தனியாகத் தாங்கி, ஸ்பிரிங்கின் இறுக்கம் முழுவதும் தளர்ந்த பிறகே யூ போல்ட்டைக் கழற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். யூ போல்ட் ஒருமுறை இறுக்கினால் நீண்டுவிடும். பழையதை மறுபடி பயன்படுத்தாமல் புதியவற்றை மாட்டி, 500 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி டார்க் ரென்ச் வைத்து இறுக்குங்கள். புஷ் போல்ட்டுகளை மட்டும் வண்டி தன் சக்கரங்களின் மேல் நிற்கும்போது கடைசியாக இறுக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து கிழியும்.

ஸ்பிரிங் கழன்றிருக்கும்போதுதான் சேசிஸை நெருங்கிப் பார்க்க வாய்ப்புக் கிடைக்கும். ஆக்சிலுக்கு மேல் சேசிஸ் வளைந்து ஏறும் இடத்திலும் ஹேங்கருக்குப் பின்னாலும் மண் தங்கும். சிறிய சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும்; துரு தின்ற இடம் மந்தமாக ஒலிக்கும், செதில் உதிரும். சுத்தியல் உள்ளே இறங்கினால் ஸ்பிரிங் வேலையை நிறுத்திவிட்டு, சேசிஸ் வெல்டிங்கில் தேர்ந்தவரிடம் காட்டுங்கள். அருகில் ஓடும் பிரேக் குழாயையும் துடைத்துப் பாருங்கள்.

டயரைப் பொறுத்தவரை, விட்டம் 5 விழுக்காடு கூடினால் மீட்டர் 60 காட்டும்போது வண்டி 63-இல் போகும். ஏற்றத்தில் இழுவையும் அதே அளவு குறையும். அகலத்தைவிடப் பக்கச் சுவரில் உள்ள சுமைக் குறியீட்டைக் கவனியுங்கள். 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும், 106 என்றால் 950 கிலோதான். தோற்றத்தில் பெரியதாக இருக்கும் கார் வகை டயர் சுமையில் குறைந்ததாக இருக்கலாம்.

டைமிங்:

நீங்கள் கேட்காத ஒன்று. பராமரிப்புக் குறிப்பு இல்லை என்றீர்கள். உங்கள் எஞ்சினில் வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்திசைக்க டைமிங் செயின் இல்லாமல் பெல்ட் இருந்தால், அது எப்போது மாற்றப்பட்டது என்று தெரியாதவரை எல்லாவற்றுக்கும் முன் அதை மாற்றுங்கள். டீசல் எஞ்சினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வை மோதும். எஞ்சின் ஹெட்டே போய்விடும். பெல்ட்டை இறுக்கிவைக்கும் டென்ஷனரையும் அதோடு மாற்றிவிடுங்கள். மாட்டிய பிறகு ஸ்டார்ட் செய்யாமல், கிராங்க் போல்ட்டில் ஸ்பானர் வைத்துக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் எல்லாம் மறுபடி நேராக வருகின்றனவா என்று பாருங்கள். எங்காவது தடுத்தால் அழுத்தாமல் நிறுத்திவிடுங்கள்.

மண்பாதை:

பெல்ட்தான். கவரின் மேல்பகுதியைத் திறந்து பார்த்தேன். பெல்ட்டின் முதுகில் குறுக்கே மெல்லிய வெடிப்புகள் தெரிகின்றன. வண்டியை நிறுத்திவிட்டேன். பெல்ட்டும் டென்ஷனரும் முதலில், அடுத்து பிரீதர், சீல், ஷூ, பிரேக் ஆயில், அதன்பின் ரிலே என்று வரிசைப்படுத்தியிருக்கிறேன். உயரத்தை அளந்ததில் இடது பக்கம் வலதைவிட 18 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கிறது. யூ போல்ட்டை ஒட்டி மூன்றாவது பட்டையில் ஒரு கோடு தெரிகிறது, அது முறிவா கீறலா என்று தேய்த்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். டயர் இப்போதைக்கு வேண்டாம்.